தொட்டி எலுமிச்சையில் இலை மஞ்சளாகிறதா? மாடித்தோட்டக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சென்னைப் புறநகரில் மொட்டைமாடியில் பதினோரு தொட்டி வைத்திருக்கிறேன். எலுமிச்சை நாலு, நாரத்தை ஒன்று, சாத்துக்குடி ஒன்று, மீதி கறிவேப்பிலையும் கீரையும். அக்கம்பக்கத்தில் யார் வீட்டு எலுமிச்சை வாடினாலும் படம் என் போனுக்கு வந்துவிடும். எல்லாப் படமும் ஒரே மாதிரிதான் இருக்கும்: இரண்டு விரலுக்கு நடுவில் ஒரு மஞ்சள் இலை, கீழே "இது என்ன நோய், என்ன மருந்து?" திரும்பத் திரும்பச் சொன்ன பதில்களை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன்.

ஒரு இலையின் படத்தைப் பார்த்து என்ன பிரச்சினை என்று சொல்ல முடியுமா?

சில சமயம் முடியும். பெரும்பாலும் முடியாது. இலை என்ன நிறத்தில் இருக்கிறது என்பதை விட, அது செடியில் எந்த இடத்தில் இருந்தது என்பதுதான் எனக்கு முதலில் தெரிய வேண்டும். அடிக்கிளையில் இருந்த பழைய இலையா, நுனியில் வந்த புதுத் துளிரா?

காரணம் இதுதான். தழைச்சத்து, சாம்பல்சத்து, மெக்னீசியம் மூன்றும் செடிக்குள் இடம் மாறக்கூடியவை. தட்டுப்பாடு வந்தால் செடி பழைய இலையிலிருந்து எடுத்துத் துளிருக்குக் கொடுத்துவிடும். வீட்டில் சோறு குறைந்தால் பெரியவர்கள் தங்கள் தட்டிலிருந்து பிள்ளைக்கு எடுத்து வைப்பார்களே, அப்படி. அதனால் மஞ்சள் கீழே தொடங்கும். இரும்பு, துத்தநாகம், மாங்கனீசு அப்படி எளிதில் நகராதவை. பழைய இலையில் சேர்ந்தது அங்கேயே தங்கிவிடும், புதிதாக வரும் இலைக்குக் கிடைக்காது. அதனால் மஞ்சள் மேலே தொடங்கும்.

ஆகவே படம் அனுப்பினால் மூன்று அனுப்புங்கள்: முழுச் செடி, இலையின் இரண்டு பக்கமும், தொட்டியின் அடியில் தண்ணீர் வெளியேறும் துளை. மூன்றாவது படத்தை யாருமே அனுப்புவதில்லை. பாதி நேரம் விடை அங்கேதான் இருக்கும்.

கீழ் இலைகள் மட்டும் மஞ்சளாகின்றன. மேலே நன்றாகத்தான் இருக்கிறது.

ஒன்றிரண்டு இலை என்றால் கவலையே வேண்டாம். எலுமிச்சை இலைக்கும் ஆயுள் உண்டு, வயதானது மஞ்சளாகி விழத்தான் செய்யும்.

நிறைய இலை என்றால் மஞ்சள் எப்படிப் பரவியிருக்கிறது என்று பாருங்கள். நரம்பு, நடு, ஓரம் என்று வித்தியாசமில்லாமல் இலை முழுக்க வெளிறியிருந்தால் தழைச்சத்துக் குறைவு. தொட்டிச் செடியில் இது சகஜம். தினமும் ஊற்றும் தண்ணீர் சத்தைக் கரைத்துக் கீழே கொண்டுபோய்விடுகிறது, எலுமிச்சையோ நன்றாகச் சாப்பிடும் செடி. கடலைப் புண்ணாக்கை இரண்டு நாள் ஊறவைத்து, பத்து மடங்கு தண்ணீர் கலந்து, பதினைந்து நாளைக்கு ஒரு முறை ஊற்றுங்கள். மாதம் இரண்டு கை மண்புழு உரம். அவசரம் என்றால் 19:19:19 உரத்தை (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக இருக்கும் கலவை) லிட்டருக்கு 2 கிராம் வீதம் கரைத்து ஊற்றலாம். இயற்கை முறைதான் வேண்டும் என்று உறுதியாக இருப்பவர்கள் இந்த வரியைத் தாண்டிப் போய்விடுங்கள், சண்டை வேண்டாம்.

இலையின் இரு ஓரமும் மஞ்சளாகி, காம்புப் பக்கம் மட்டும் பச்சை ஆப்பு அடித்தது போல முக்கோணமாக நின்றால் அது மெக்னீசியம். தலைகீழ் 'வி' என்று சொல்வார்கள், ஒருமுறை பார்த்தால் மறக்காது. காய் நிறையப் பிடித்திருக்கும் கிளையில் முதலில் தெரியும். எப்சம் உப்பு லிட்டருக்கு 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி, கரைத்து மாலையில் இலை மேல் தெளிக்கலாம். கவனியுங்கள், எப்சம் உப்பு இதற்கு மட்டும்தான். யூடியூபில் சொல்வது போல எல்லா மஞ்சளுக்கும் அது மருந்து இல்லை.

புது இலைகள் மஞ்சளாக வருகின்றன, நரம்பு மட்டும் பச்சை. உரம் போட்டும் மாறவில்லையே?

உரம் போட்டாலும் மாறாது. இங்கே சத்து இல்லாதது பிரச்சினை இல்லை, இருக்கிற சத்தை வேர் எடுக்க முடியாததுதான் பிரச்சினை.

முதலில் எந்தச் சத்து என்று பார்ப்போம். மஞ்சள் இலையில் மெல்லிய பச்சை வலை போட்டது போல ஒவ்வொரு சின்ன நரம்பும் தெரிந்தால் இரும்பு. முற்றினால் இலை வெள்ளையாகவே ஆகிவிடும். இலை சிறுத்து, குறுகி, நுனியில் கொத்தாக நெருங்கி, நரம்புகளுக்கு இடையே பளிச்சென்ற மஞ்சள் திட்டு இருந்தால் துத்தநாகம். இலை அளவு மாறாமல், நரம்பை ஒட்டி அகலமான பச்சைப் பட்டையும் நடுவில் மங்கிய மஞ்சளும் என்றால் மாங்கனீசு. இரண்டு மூன்று சேர்ந்தும் வரும், ஏனென்றால் மூன்றுக்கும் வேர்க்காரணம் ஒன்றே: மண்ணில் காரம் ஏறியிருக்கும்.

எலுமிச்சை வகைகளுக்கு 5.5 முதல் 6.5 வரை கார அமில நிலை (pH) இருந்தால் சுகம். கடின போர் தண்ணீரை ஒரு வருடம் ஊற்றினால் தொட்டி மண் 8 பக்கம் போய்விடும். அந்த நிலையில் இரும்பு மண்ணிலேயே இருக்கும், ஆனால் கரையாது. பூட்டிய வீட்டுக்குள் சாப்பாடு இருந்து என்ன பயன்?

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். தொட்டியின் மேல் மண்ணில் ஒரு கரண்டி எடுத்து, காயவைத்து, அதன்மேல் கொஞ்சம் வினிகர் விடுங்கள். சோடா மாதிரி நுரைத்தால் சுண்ணாம்பு சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். நான் முதல் தடவை செய்தபோது மண் புஸ்ஸென்று பொங்கி வந்தது. அது வரைக்கும் நாலு மாதமாக நான் உரக்கடைக்கு நடந்துகொண்டிருந்தேன்.

செய்ய வேண்டியது இரண்டு. உடனடிக்கு, நுண்ணூட்டக் கலவையைப் பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவில், துளிர் பாதி விரிந்த சமயத்தில் இலைமேல் தெளியுங்கள். இலை நேராகக் குடித்துக்கொள்ளும், மண் குறுக்கே வராது. மண்ணில் ஊற்றுவதென்றால் இரும்புச்சத்து வாங்கும்போது அட்டையைப் படியுங்கள். 'ஈடிடிஏ' (EDTA) வகை காரமண்ணில் நிலைக்காது, 'ஈடிடிஹெச்ஏ' (EDDHA) என்று போட்டிருக்கும் கருஞ்சிவப்புக் குருணைதான் வேலை செய்யும். விலை அதிகம்தான், ஆனால் தேவைப்படுவது சிட்டிகை அளவு. நிரந்தரத்துக்கு, தண்ணீரை மாற்றுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மாடியில் கொட்டும் மழைத்தண்ணீரை இரண்டு டிரம்மில் பிடித்து வைத்தாலே எலுமிச்சைக்கு மட்டுமாவது சில வாரம் ஓடும். ஏசி தண்ணீரும் நல்லதே, உப்பே இல்லாதது.

துருப்பிடித்த ஆணியைத் தொட்டியில் புதைத்தால் இரும்புச்சத்து கிடைக்குமாமே?

ஆணி துருப்பிடிக்கும். அவ்வளவுதான்.

இது தலைகீழ்: இலை பச்சையாக இருக்கிறது, நடு நரம்பு மட்டும் மஞ்சள்.

இந்தப் படம் வந்தால் நான் உரம் பற்றிப் பேசவே மாட்டேன். நரம்பு மஞ்சளானால் வேரிலோ தண்டின் அடியிலோ பிரச்சினை. வேர் அழுகியிருக்கலாம், அடித்தண்டில் பட்டை உரிந்திருக்கலாம், செடி வாங்கியபோது கட்டிய கயிறு தண்டை நெரித்துக்கொண்டிருக்கலாம். இந்தக் கயிறு சமாசாரம் நம்ப முடியாத அளவுக்கு அதிகம், அடித்தண்டைக் கையால் தடவிப் பாருங்கள்.

என் கதையையே சொல்கிறேன். இரண்டாவது எலுமிச்சை எட்டு மாதம் இப்படி நின்றது. புண்ணாக்கு, எப்சம் உப்பு, பஞ்சகவ்யா எல்லாம் கொடுத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும் இன்னும் கொஞ்சம் மஞ்சளானது. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தொட்டியைச் சாய்த்துச் செடியை வெளியே எடுத்தேன். நான் ஆசையாகக் கலந்து வைத்த செம்மண்ணும் கோகோபீட்டும் (தேங்காய் நார்த்தூள்) பொலபொலவென்று உதிர்ந்தன. நடுவில் தேங்காய் அளவுக்கு ஒரு கறுப்புக் களிமண் உருண்டை, நர்சரியிலிருந்து வந்த அதே உருண்டை, அப்படியே இருந்தது. இரண்டு வருடத்தில் வேர் அதை விட்டு வெளியே வரவில்லை. உடைத்தால் சாக்கடை வாடை. உள்ளே இருந்த வேர்களைப் பிடித்து இழுத்தால் தோல் கழன்று நூல் மட்டும் நின்றது.

ஆந்திராவின் கடியம் பக்கத்து நர்சரிகளிலிருந்து லாரியில் வரும் செடிகளில் இந்தக் களிமண் உருண்டை வழக்கம். தூரம் போக ஈரம் காக்க வேண்டுமே, அதற்காக. அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அதை அப்படியே தொட்டியில் வைத்தால் சுற்றியுள்ள மண் சீக்கிரம் காயும், உருண்டை ஊறியே கிடக்கும். சில சமயம் நேர்மாறாக, காய்ந்து செங்கல்லாகி, ஊற்றும் தண்ணீர் ஓரமாக வழிந்து வெளியே போய்விடும். புதுச்செடி வாங்கினால் உருண்டையை ஒரு வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, வெளிப்பக்கக் களிமண்ணை மெதுவாகக் கரைத்துவிட்டு நடுங்கள். முழுவதையும் கழுவ வேண்டாம், நடுவில் கொஞ்சம் இருக்கட்டும். வெயில் காலத்தில் இந்த வேலையைத் தொடவே தொடாதீர்கள்.

அந்தச் செடியின் அழுகிய வேரை வெட்டி, கிளைகளையும் மூன்றில் ஒரு பங்கு குறைத்து, சின்னத் தொட்டிக்கு மாற்றி நிழலில் வைத்தேன். பிழைத்தது. பிழைக்கும் வரை உரமே கொடுக்கவில்லை.

தினமும் எவ்வளவு தண்ணீர் ஊற்ற வேண்டும்?

தினமும் என்று வைத்துக்கொள்வதே தப்பு. விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விடுங்கள். ஈரம் ஒட்டினால் இன்று வேண்டாம். காய்ந்திருந்தால் அடித்துளையில் வடியும் வரை ஊற்றுங்கள். அக்னி நட்சத்திரத்தில் ஒரு நாளைக்கு இரண்டு முறைகூடத் தேவைப்படும், மழை மாதத்தில் பத்து நாள் தொடவே வேண்டாம்.

தொட்டியைத் தரையோடு ஒட்டி வைக்காதீர்கள். மூன்று ஓட்டுத்துண்டு அல்லது பழைய டைல்ஸ் துண்டு அடியில் கொடுத்தால் துளை அடைபடாது, மே மாதத்துத் தரைச்சூடும் வேருக்கு நேரடியாக ஏறாது. துளை வழியே வேர் வெளியே வந்து தரையில் படர்ந்திருந்தால், அது பெரிய தொட்டி கேட்கிறது. நீல டிரம்மைப் பாதியாக வெட்டி வாங்குவது எலுமிச்சைக்குப் போதும்.

இலை நுனியும் ஓரமும் பழுப்பாகக் கருகுகின்றன.

உப்பு. தொட்டியின் விளிம்பிலும் மண்ணின் மேலும் வெள்ளையாகப் பூத்திருக்கிறதா என்று பாருங்கள், சந்தேகம் தீர்ந்துவிடும்.

இதில் முதல் குற்றவாளி ஆர்ஓ மெஷின் கழிவுத்தண்ணீர். "வீணாப் போகுதேன்னு செடிக்கு ஊத்துறேன்" என்று பெருமையாகச் சொல்வார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் குடிக்கும் தண்ணீரிலிருந்து பிரித்தெடுத்த உப்பு முழுவதும் அந்தக் குழாயில்தான் வருகிறது. அதைத் தரை கழுவ, வண்டி கழுவ வைத்துக்கொள்ளுங்கள். எலுமிச்சை குடும்பமே உப்புத் தாங்காத குடும்பம். தண்ணீரில் டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்பின் அளவு) 700-ஐத் தாண்டினால் இலையில் காட்டிக்கொடுக்கும்.

இரண்டாவது குற்றவாளி கழுவாத கோகோபீட், மூன்றாவது அளவுக்கு மீறிய ரசாயன உரம். மூன்றுக்கும் வைத்தியம் ஒன்றே. நல்ல தண்ணீரை, தொட்டியின் கொள்ளளவைப் போல இரண்டு மடங்கு, மெதுவாக ஊற்றி அடிவழியாக வடியவிடுங்கள். துளை சரியாக இருந்தால் மட்டும். கருகிய ஓரம் மறுபடி பச்சையாகாது, அடுத்த துளிர் சுத்தமாக வருகிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

ஒரே வாரத்தில் இலையெல்லாம் கொட்டிவிட்டது. செத்துவிட்டதா?

எலுமிச்சை இலையைக் கையில் எடுத்துப் பாருங்கள். காம்பும் இலைப்பரப்பும் சேரும் இடத்தில் ஒரு மூட்டு இருக்கும். இலைப்பரப்பு மட்டும் அந்த மூட்டில் கழன்று விழுந்து, காம்பு குச்சி குச்சியாகக் கிளையில் நின்றால், செடிக்குத் திடீர் அதிர்ச்சி: நாலு நாள் ஊருக்குப் போய்த் தண்ணீர் இல்லாமல் கிடந்திருக்கும், அல்லது இடம் மாற்றியிருப்பீர்கள். செடி தானாகவே சுமையை இறக்கியிருக்கிறது. பெரும்பாலும் திரும்பத் துளிர்க்கும்.

இலை விழாமல் கிளையிலேயே காய்ந்து சருகாகத் தொங்கினால்தான் பயம். உதிர்ப்பதற்கும் உயிர் வேண்டும். அந்தக் கிளை அதற்குள் போய்விட்டது, அல்லது வேர் மொத்தமாக அழுகிவிட்டது.

இளம் இலையில் யாரோ வெள்ளிப் பேனாவால் கிறுக்கியது போலக் கோடு, இலையும் சுருண்டுவிட்டது.

இலைத்துளைப்பான். மிகச் சின்ன அந்துப்பூச்சியின் புழு, இலையின் மேல்தோலுக்கு அடியில் சுரங்கம் போட்டுக்கொண்டு போகிறது. வெளிச்சத்தில் பிடித்தால் கோட்டின் நடுவே மெல்லிய கறுப்பு இழை தெரியும், அது அதன் எச்சம். முற்றிய இலையை அது தொடாது. அதனால் ஏற்கெனவே சுருண்ட இலைக்கு மருந்தடித்துப் பயனில்லை.

அடுத்த துளிர் அரை அங்குலம் வரும்போதே, வேப்ப எண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, கரைய நாலு சொட்டு சோப்புத் திரவம் கலந்து, ஐந்து நாளைக்கு ஒரு முறை, மூன்று முறை. சாயங்காலம் மட்டும். கொதிக்கும் வெயிலில் எண்ணெய் தெளித்தால் இலை வெந்துவிடும், பிறகு அதற்கு ஒரு படம் அனுப்புவீர்கள். சுருண்ட இலைகளைக் கிள்ளி எறிய வேண்டாம், மீதிப் பச்சை இன்னும் செடிக்குச் சாப்பாடு சமைத்துக்கொண்டிருக்கிறது.

இலைமேல் காக்கா எச்சம் போல இருந்தது, இன்று இலையே இல்லை.

அது எச்சமில்லை, எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு. சின்ன வயதில் பறவை எச்சம் போல வேஷம், வளர்ந்ததும் பச்சை நிறம். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு நிறத்தில் இரண்டு கொம்பு நீட்டி நாற்றம் அடிக்கும். குழந்தைகளுக்குக் காட்டுங்கள், ரசிப்பார்கள். குட்டிச்செடியை இரண்டு நாளில் மொட்டையடித்துவிடும், பெரிய செடிக்கு ஒன்றும் ஆகாது. மருந்தே வேண்டாம், கையால் எடுத்தால் போதும். நான் எடுத்துக் கறிவேப்பிலையில் விடுவேன், அதையும் தின்னும்.

இலைமேல் கரி பூசியது போலக் கறுப்பு.

ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள். வந்துவிட்டால் அது கரும்பூசணம், இலையின் நோயே இல்லை. மேலே எங்கோ அசுவினியோ மாவுப்பூச்சியோ செதில்பூச்சியோ சாறு குடித்து இனிப்பு நீரை ஒழுகவிடுகிறது, அதில் பூசணம் வளர்கிறது. எறும்பு வரிசை எங்கே போகிறது என்று பின்தொடருங்கள், நேராகக் குற்றவாளி வீட்டுக்குக் கூட்டிப்போகும். தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள், பிறகு மேலே சொன்ன வேப்ப எண்ணெய்.

கோடையில் இலை தூசி படிந்தது போல மங்கி, நுண்ணிய வெளிர் புள்ளி விழுந்தால் வெள்ளைத்தாளை அடியில் பிடித்து இலையைத் தட்டுங்கள். தாளில் புள்ளிகள் நடந்தால் சிலந்திப்பேன். அதற்கும் இலை அடிப்பக்கம் தண்ணீர் பீய்ச்சுவதே பாதி வைத்தியம்.

பழுப்புப் புள்ளி, சுற்றிலும் மஞ்சள் வளையம்?

விரலால் தடவுங்கள். இலையின் இரண்டு பக்கமும் உப்புத்தாள் போலச் சொரசொரப்பாக மேடிட்டிருந்தால் சொறி நோய். பாக்டீரியாவால் வருவது, நம் ஊர்ப் புளிப்பு எலுமிச்சையை அதிகம் தாக்கும், காயிலும் வரும். மழையும் காற்றும் பரப்பும், இலைத்துளைப்பான் போட்ட காயம் அதற்கு வாசல். பாதித்த குச்சிகளை மழையில்லாத நாளில் வெட்டி எடுத்து, கத்தரியைத் துடைத்து, காப்பர் ஆக்சிகுளோரைடு லிட்டருக்கு 3 கிராம் தெளியுங்கள். மழைக்காலத்துக்கு முன் ஒரு முறை தெளித்துவிட்டால் பாதி தலைவலி குறையும். சொறி விழுந்த காயைச் சாப்பிடலாம், ஒன்றும் செய்யாது.

மஞ்சள் திட்டு இலையின் ஒரு பாதியில் ஒரு மாதிரி, மறு பாதியில் வேறு மாதிரி இருக்கிறது.

இதை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சத்துக் குறைவு என்றால் நடு நரம்புக்கு இரண்டு பக்கமும் கண்ணாடி பார்த்தது போல ஒரே வடிவம் இருக்கும். நடு நரம்பில் இலையை மடித்துப் பாருங்கள், திட்டுக்கள் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தாவிட்டால், அதுவும் ஒரு கிளையில் மட்டும் தொடங்கியிருந்தால், பசுமையாதல் நோயாக இருக்கலாம். சீனத்தில் ஹுவாங்லாங்பிங் என்பார்கள், மஞ்சள் துளிர் நோய். புளோரிடாவின் ஆரஞ்சுத் தோட்டங்களைச் சாய்த்தது இதுதான். குணப்படுத்த மருந்து கிடையாது.

பரப்புவது சில்லிட் என்ற சின்னப் பூச்சி. உட்கார்ந்திருக்கும்போது பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு சாய்வாக நிற்கும், அதன் குஞ்சுகள் துளிரில் வெள்ளை மெழுகு நூல் விடும். கறிவேப்பிலைத் துளிரிலும் பெருகும். அதனால் இரண்டையும் அடுத்தடுத்து வைத்திருப்பவர்கள் கறிவேப்பிலைத் துளிரையும் பார்க்க வேண்டும். சந்தேகம் வந்தால் செடியைத் தனியாக ஒதுக்கி, பக்கத்து வேளாண் அறிவியல் நிலையத்தில் இலையைக் காட்டுங்கள். அதிலிருந்து பதியனோ ஒட்டோ யாருக்கும் கொடுக்காதீர்கள்.

வெயில் பக்கத்து இலையில் வெள்ளைத் திட்டு?

நர்சரி நிழல்வலைக்குள் வளர்ந்ததை நேரே மாடி வெயிலில் வைத்திருப்பீர்கள். வெயில் சுட்ட காயம். இரண்டு வாரம் காலை வெயில் மட்டும் காட்டிப் பழக்குங்கள்.

நாரத்தைத் துளிர் ஊதாவாக வருகிறது, நோயா?

இல்லை. அதன் அழகே அது.

முட்டை ஓடு, அடுப்புச் சாம்பல், புளித்த மோர், டீத்தூள்?

சாம்பல் வேண்டவே வேண்டாம், காரத்தை இன்னும் ஏற்றும். முட்டை ஓடும் சுண்ணாம்புதான், கடினத் தண்ணீர் ஊற்றும் தொட்டிக்கு அதற்குமேல் சுண்ணாம்பு எதற்கு? கழுவிய டீத்தூளை உரக்குழியில் போட்டு மக்கவைத்துக் கொடுங்கள். மோரை நன்றாகத் தண்ணீர் விட்டு எப்போதாவது ஊற்றினால் கெடுதல் இல்லை. எனக்கு அதனால் பெரிய வித்தியாசம் தெரிந்ததில்லை, என் அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது.

எந்தக் கட்டத்தில் செடியைக் கைவிடலாம்?

கிளையை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே பச்சையும் ஈரமுமாக இருந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக உலர்ந்திருந்தால் பச்சை தெரியும் வரை கீழே கீழே சுரண்டிக்கொண்டே வந்து, அந்த இடத்துக்கு மேலே வெட்டிவிடுங்கள். நிழலில் வைத்து, மண் காய்ந்தால் மட்டும் தண்ணீர் கொடுத்து, ஆறு வாரம் காத்திருங்கள். உரம் கிடையாது. மண்மட்டம் வரை பழுப்பு என்றால் எடுத்துவிடலாம். எடுக்கும்போது அந்த மண் உருண்டையை ஒருமுறை உடைத்துப் பார்த்துவிட்டு அடுத்த செடி வாங்கப் போங்கள்.